பதினாலும் அஞ்சும்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்கங்கக்கா. எனக்கு வேண்டாம். பிள்ளை முழிச்சான்னா ஜன்னல் வழியா கையை நீட்டிக்கிட்டே வருவா, நாப்பது வளைவுக்கும் அவ கையைப் பிடிச்சு உள்ள இழுக்கறதே எனக்கு வேலையா இருக்கும். பஸ் எடுக்க இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. டிரைவர் இப்பத்தான் சாப்பிட உக்காந்தாரு. ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கினதப் பாத்துட்டுத்தான் நான் ஏறினேன்.

நீங்க வால்பாறையிலயே இறங்கிடுவீங்களா? நான் அங்க இறங்கி எஸ்டேட் பஸ் பிடிக்கணும். மேலப்பாறை எஸ்டேட். அஞ்சேகாலுக்குக் கடைசி பஸ். அதை விட்டா ஆறு கிலோமீட்டர் நடை, ஆனை நிக்கிற ரோடு.

அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். அம்மா வீட்டுக்கும் போனேன், பொய் இல்ல. ஒரு டம்ளர் காப்பி குடிச்சேன். ஆனா வந்தது அதுக்கில்ல. ஒரு பையனக் கூட்டிட்டுப் போக வந்தேன். வரமாட்டேன்னுட்டான். ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளன்னைக்கு, அவன் எங்க கிரவுண்டுல வந்து நிக்கணும். நின்னா எங்க டீம் அவனை எடுக்கும். நிக்கலைன்னா அவன் இனிமே மலையேறவே போறதில்ல, இங்கயே தேங்காய் மட்டையோட கிடப்பான். எங்க வீட்டுக்காரர் இன்னொரு வருஷம் வாயத் திறக்காம சாப்பிடுவாரு.

தூரத்துச் சொந்தம் கூட இல்லக்கா. பந்தாடுற பையன். ஃபுட்பால்.

சிரிக்காதீங்க. எனக்கு ஃபுட்பால்னாலே ஆகாது. எட்டு வருஷமா அந்த ஜெர்சியைத் துவைக்கிறவ நான். செம்மண் கறை போகவே போகாது. எங்க வீட்டுக்காரர் சகாயராஜ், பாக்டரியில வேலை, டீமுக்குக் கேப்டன், பின்னாடி நின்னு தடுக்கிற ஆள். வயசு முப்பத்தொண்ணு ஆயிடுச்சு, முட்டி சத்தம் போடுது. விட்டாரா? விடல.

எங்க மலையில ஒரு வழக்கம் இருக்கு. நீங்க வால்பாறை டவுன்காரங்க, கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எஸ்டேட் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வருதில்ல, மூடின எஸ்டேட்ல நல்லா ஆடுற பையங்க டீம் இல்லாம நிப்பாங்க. அவங்கள மத்த ஆறு எஸ்டேட்டும் பங்கு போட்டுக்கும். பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயிறு, பையங்க வரிசையா கிரவுண்டுல நிப்பாங்க. ஆறு கேப்டனும் எதிர்ல நிப்பாங்க. போன வருஷம் கடைசியா வந்த டீமுக்கு முதல் பங்கு. ஒரு டீமுக்கு ஒரு பையன். யார் எடுக்குறாங்களோ அந்த எஸ்டேட்ல அவனுக்கு டெம்பரரி வேலையும் போட்டுக் குடுப்பாங்க, லயத்து வரிசையில ஒரு வீடும் கிடைக்கும். யாரும் எடுக்கலைன்னா மூட்டை கட்டிக்கிட்டு கீழ இறங்க வேண்டியதுதான்.

அதனால அது பந்து விஷயம் மட்டும் இல்லக்கா. ஒரு பையனோட சோறு.

முந்தின வருஷம் நாங்கதான் கடைசி. அதனால போன வருஷம் முதல் பங்கு எங்களுக்கு. எங்களுக்கு வேண்டியது விங் ஆடுற ஆள். விங்குன்னா கோட்டை ஒட்டி ஓரமா ஓடுறவன். பின்னாடி இருந்து தூக்கி அடிக்கிற பந்தை ஓடிப்போய் வாங்கி, உள்ள கொண்டு போறவன். எங்ககிட்ட தூக்கி அடிக்க ஆள் இருந்துச்சு, வாங்கத்தான் ஆள் இல்ல. அடிப்பாரு எங்க வீட்டுக்காரர், அது பாட்டுக்கு எதிர் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி தேயிலைக்குள்ள போய் விழும், பொம்பளைங்க கொழுந்து பறிக்கப் போறப்ப எடுத்துட்டு வருவோம்.

சந்தனக்குழி எஸ்டேட் மூடினதுல ஒன்பது பேரு நின்னாங்க. அதுல விங் ஆடுறவன் ரெண்டு பேரு. ஒருத்தன் ஜெபசீலன். ஒருத்தன் கமலக்கண்ணன்.

இந்த ரெண்டு பேருல யாரை எடுக்கறதுன்னு கார்த்திகை மாசம் ஆரம்பிச்ச பேச்சுக்கா. காலையில வேலைக்குப் பேர் குடுக்கற இடத்துல பேச்சு. பாக்டரியில பேச்சு. சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல பேச்சு. எங்க வீட்டுல மூணு பேர் உக்காரத்தான் இடம். எட்டு பேர் வருவாங்க. ஒரு தடவை என் அரிசிப் பானை மேல ஒருத்தன் உக்காந்திருக்கான், மூடி போட்டிருந்ததால தப்பிச்சேன்.

ஸ்டீபன்னு ஒருத்தன் இருக்கான், பாக்டரியில தேயிலை காயவைக்கிற டிரையர்ல வேலை. செல்போன்ல வெளிநாட்டு மேட்ச் பாத்துப் பாத்து அவனுக்கு மீசை அரைகுறையா நரைச்சுப் போச்சு. அவன் சொல்லுவான், "ஜெபசீலன் உயரம். உயரம் இருந்தாத்தான் பந்து வாங்க முடியும்."

டிராக்டர் ஓட்டுற ஹம்சா அண்ணன் சொல்லுவாரு, "உயரம் வேணும்னா சில்வர் ஓக் மரத்த நட்டு வையேன் ஓரத்துல. அதுக்கு லயத்துல வீடும் வேண்டாம்."

"மரம் ஓடாதுண்ணே."

"உன் ஜெபசீலன் மட்டும் ஓடுறானா? பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறான். பந்து வந்தா ஏறிக்குவான்."

"கமலக்கண்ணன் என்ன? ஓடுறான், எல்லாரையும் தாண்டுறான், கடைசில கோல்கீப்பரத் தாண்டி பந்தையும் தாண்டிப் போயிடுறான்."

இது தினம் ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும். நடுவுல டீ. நான் தேயிலை எஸ்டேட்ல இருக்கேன்னு பேரு, அந்த ரெண்டு மாசத்துல எங்க வீட்டுல தேயிலைத்தூள் இல்லாம பக்கத்து வீட்டுல கடன் வாங்கினேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கமலக்கண்ணன்தான் வேணும். அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு. "அவனை நிறுத்த என்னால முடியல. என்னால நிறுத்த முடியாதவன் என் பக்கம் இருக்கணும்."

அதுக்கு ஒரு காரணம் இருக்குக்கா. சொல்றேன். ரெண்டே முக்கால் வருஷம் முன்னாடி, மே மாசம் பதினேழு, ஞாயித்துக்கிழமை, எங்களுக்கும் சந்தனக்குழிக்கும் மேட்ச். கமலக்கண்ணன் பந்தோட வந்தான். எங்க வீட்டுக்காரர் காலை அகட்டி நின்னாரு. ரெண்டு காலுக்கும் நடுவுல பந்த விட்டு, இந்தப் பக்கமா சுத்திப் போய் எடுத்துக்கிட்டான். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை இவரு திரும்பிப் பாக்கறப்ப வழுக்கி உக்காந்துட்டாரு. கிரவுண்டே சிரிச்சுது. எங்க எஸ்டேட் ஆளுங்களே சிரிச்சாங்க. நான் ஆறு மாசம், இவ வயித்துல. அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு நான் மஞ்சள் சேலை கட்டியிருந்தேன்.

அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கல. விளையாட்டுன்னா அப்படித்தான். எங்க வீட்டுக்காரரே சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. மனசுல வச்சுக்கற ஆள் நான் இல்ல.

சரி, கதைக்கு வர்றேன். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடி எனக்குப் பொறுக்கல. நான் சொன்னேன், "இப்படி வாயால ஆடிக்கிட்டே இருக்கீங்களே. ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஆட விடுங்க. ஆளுக்கு எத்தனை பந்து வாங்குறான்னு எண்ணுங்க. தீந்து போச்சு."

ஹம்சா அண்ணன்தான் சொன்னாரு, "தங்கச்சி சொல்றது நியாயம். ஆனா யார் எண்ணுறது? ஸ்டீபன் எண்ணினா ஜெபசீலன் மூச்சு விட்டதையும் பந்துன்னு எண்ணுவான்."

"ரெஜினா எண்ணட்டும்," அப்படின்னாரு இவரு.

நான் எண்ணினா தப்பாதுக்கா. எங்க எலிமெண்டரி ஸ்கூல்ல கணக்குக்கு நான்தான் முதல். கொழுந்து நிறுக்கிற இடத்துல தராசு முள்ளு நிக்கறதுக்கு முன்னாடி என் மூட்டை எத்தனை கிலோன்னு சொல்லிடுவேன். அரைக் கிலோ கூட தப்பினதில்ல, கேட்டுப் பாருங்க.

பங்குக்கு முந்தின ஞாயிறு காலையில ரெண்டு பையங்களும் வந்தாங்க. ஒரே டீம்ல ரெண்டு பேரும், ஆளுக்கு ஒரு ஓரம். எங்க கிரவுண்டு மலைச்சரிவ வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் தேயிலை மேடு, இன்னொரு பக்கம் ஓடை. இவரு என்னைத்தான் கேட்டாரு, "யாரை எந்தப் பக்கம் விடலாம்?" எண்ணப் போறவ நான், எனக்கு வாகா இருக்கணுமில்ல, அதனால கேட்டாரு. நான் சொன்னேன், "ஜெபசீலன் ஓடைப் பக்கம் நிக்கட்டும். கமலக்கண்ணன் மேட்டுப் பக்கம் நிக்கட்டும். மேட்டுப் பக்கம் நின்னா ஜெபசீலனுக்கு வெயில் கண்ணுல அடிக்கும் பாவம்."

அவ்வளவுதான் சொன்னேன்.

அரை மணி நேரம் ஆடினாங்க. நான் நோட்டுல கோடு கோடா போட்டுட்டே வந்தேன். ஜெபசீலன் பதினாலு. கமலக்கண்ணன் அஞ்சு.

நடுவுல இவரு வந்து, "இப்ப பக்கம் மாத்தி விட்டுப் பாக்கலாம்"னாரு. சரியா அந்த நேரத்துல இவ அழ ஆரம்பிச்சா. ஒண்ணேகால் வயசு தாண்டியிருந்தா அப்ப. பசி. நான் நோட்ட மூடிட்டேன். "எண்ணினது போதும், பதினாலுக்கும் அஞ்சுக்கும் மேல என்ன எண்ணணும்"னு கிளம்பிட்டேன். எண்ணுறவளே போயிட்டா அப்புறம் யாரு பாக்குறது? அவங்களும் கலைஞ்சுட்டாங்க. பிள்ளை அழுதா தாய் என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க.

வீட்டுக்கு வந்து இவரு கேட்டாரு. "அந்த அஞ்சுல மூணு கோலாச்சே ரெஜினா. பதினாலுல ஒண்ணுதானே ஆச்சு. அதை எழுதலையா?"

"நீங்க எத்தனை பந்து வாங்கினான்னு எண்ணச் சொன்னீங்க. கோலை எண்ணச் சொல்லல."

முட்டியைத் தடவிக்கிட்டே வெளிய போயிட்டாரு அவரு.

ஸ்டீபன் என் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து டீம் குரூப்புல போட்டுட்டான். டீம் குரூப்புல இருந்து அடுத்த எஸ்டேட் குரூப்புக்குப் போச்சு. சாயங்காலத்துக்குள்ள ஆறு எஸ்டேட்லயும் என் கையெழுத்து. மேல சிலுவை போட்டு, தேதி போட்டு, கோடு போட்டு, கூட்டி எழுதியிருந்தேன். யாரோ ஒரு ஃபீல்டு ஆபீசர், "இவ்வளவு சுத்தமா யார் எழுதினது"ன்னு கேட்டாராம். அதுவரைக்கும் எங்க மலையில பங்குன்னா வாய்ப்பேச்சுதான். எண்ணிப் பாத்து எழுதினது நான்தான் முதல்.

அடுத்த ஞாயிறு பங்கு. முதல் பங்கு எங்களுக்கு. ஊரே பதினாலு பதினாலுன்னு சொல்லுது, இவரு ஒருத்தர் என்ன பண்ணுவாரு? ஜெபசீலன்னு சொன்னாரு. பேரச் சொல்றப்ப எதிர்ல கமலக்கண்ணனைப் பாக்கல, தரையப் பாத்து சொன்னாரு. அதுக்கப்புறம் அஞ்சு டீம். ஒவ்வொரு கேப்டனும் கமலக்கண்ணன் முன்னாடி வந்து நிக்கறான், பக்கத்துல இருக்கறவன் காதுல "அஞ்சுதானாம்"னு சொல்றான், நகர்ந்துடறான். ஆறு பேர் போனப்புறம் மூணு பேர் மிச்சம். அதுல ரெண்டு பேர் புதுசா ஆட வந்த சின்னப் பசங்க. மூணாவது இவன். நின்ன இடத்துலயே பூட்ஸைக் கழட்டினான். வெறுங்காலோட போனான்.

எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா எண்ணிக்கை எண்ணிக்கைதானே.

அப்புறம் சீசன். அதை என்னத்தச் சொல்ல. ஜெபசீலன் நல்ல பையன்க்கா, அக்கா அக்கான்னு தண்ணிக் குடமெல்லாம் தூக்கிக் குடுப்பான். ஆனா ஹம்சா அண்ணன் சொன்னதுதான். பஸ் ஸ்டாப். டவுன் கிரவுண்டுல ஆடினா, அது சமமா இருக்கில்ல, பந்து இவன்கிட்ட வரவே இல்ல. எங்க கிரவுண்டுல பாதி ஆட்டம் வரும், பக்கம் மாறினதும் மீதிப் பாதி வராது. பத்து மேட்ச்ல ஒரு மேட்ச் ஜெயிச்சோம், அதுவும் எதிர் டீம் வேன் பஞ்சர் ஆகி எட்டு பேரோட வந்ததால. திரும்பவும் கடைசி.

ஸ்டீபன் அப்பவும் விடல. "பையன் நல்லாத்தான் நிக்கிறான், பந்துதான் தப்பா வருது"ன்னான்.

"பந்தையும் பங்குல எடுத்திருக்கணும், விட்டுட்டோம்"னு சொல்லிட்டு டிராக்டரை எடுத்தாரு ஹம்சா அண்ணன்.

மழை வந்து சீசன் முடிஞ்சு, வெயில் வந்து ஒரு நாள். செப்டம்பர் கடைசி. இவரு பிள்ளையத் தூக்கிட்டு கிரவுண்டுக்குப் போனாரு. நான் பின்னாடி ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போனேன். கிரவுண்டு நடுவுல பிள்ளைக்கு வாங்கின ரப்பர் பந்தை வச்சாரு. கையை எடுத்தாரு. பந்து நிக்கல. மெதுவா, யாரோ கூப்பிட்ட மாதிரி, ஓடைப் பக்கம் உருண்டு போச்சு. பிள்ளை ஓடிப் போய் எடுத்துட்டு வந்தா. திரும்ப வச்சாரு. திரும்பப் போச்சு. பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. பத்துத் தடவை இருக்கும். பத்துத் தடவையும் ஓடைக்குத்தான் போச்சு.

எங்க ஊர்ல எல்லாமே சாய்வுதானேக்கா. வீட்டுக்குள்ள குண்டான் வச்சாலே ஒரு கல்லு முட்டுக் குடுத்துத்தான் வைப்போம். பொறந்ததுல இருந்து சாய்வுல நடந்து நடந்து, சாஞ்சிருக்குன்னே யாருக்கும் தோணறதில்ல. எட்டுப் பேர் ரெண்டு மாசம் பேசினாங்களே, ஒருத்தர் வாயிலயாவது வந்துச்சா? உயரத்தைப் பேசினாங்க, காலைப் பேசினாங்க, மூச்சைப் பேசினாங்க. மண்ணைப் பேசல.

இவரு திரும்பி என்னைப் பாத்தாரு. நான் ஸ்வெட்டரைக் குடுத்தேன். வாங்கிப் பிள்ளைக்குப் போட்டு விட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல. திட்டினா நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அன்னையில இருந்து வீட்டுல பேச்சுன்னா, உப்பு இருக்கா, தண்ணி வந்துச்சா, அவ்வளவுதான். நாலு மாசம் ஆச்சு. எனக்கு அலுத்துப் போச்சுக்கா. ஆளு கண்ணு முன்னாடி இருந்துக்கிட்டே இல்லாம இருந்தா அது என்ன குடும்பம்?

கமலக்கண்ணனுக்கு ரெண்டு தடவை போன் போட்டுப் பேசப் பாத்தாரு. எடுக்கல. அவங்க அம்மாகிட்ட சொல்லி அனுப்பினாரு. பதில் இல்ல. போன வருஷம் யாரும் எடுக்காத பையன் இந்த வருஷமும் வந்து நிக்கலாம், அதுக்குத் தடை இல்ல. நாங்க திரும்பக் கடைசி, திரும்ப முதல் பங்கு எங்களுக்கு. அவன் வந்து நின்னாப் போதும். அதனாலதான் நானே போயிடலாம்னு கிளம்பினேன். ஃபுட்பாலுக்காக இல்ல. எனக்கென்ன ஃபுட்பால். வீட்டுல பேச்சு வேணும், அதுக்காக.

தேங்காய் நார் மில்லுல இருக்கான். இங்கிருந்து டவுன் பஸ்ல இருபது நிமிஷம். தங்கறதும் அந்த மில்லு ஷெட்டுலயேதான், மதியம் ரெண்டு மணிக்குத்தான் ஷிப்டு. கேட்டுல பேரச் சொன்னேன், வந்தான். தலை, புருவம், இமையெல்லாம் நார்த்தூசி. கிழவன் மாதிரி இருந்தான், இருபத்திரண்டு வயசுதான். என்னைப் பாத்ததும் முதல்ல பிள்ளையத்தான் கேட்டான். "பாப்பா பேரு என்னக்கா?" ஷைனின்னேன். இவ அவன் தலையத் தொட்டு ஒரு நாரை எடுத்து என் வாயில வச்சா.

"ஞாயித்துக்கிழமை பங்கு. வந்து நில்லு தம்பி. கேப்டனே உன்னைத்தான் எடுக்கப் போறாரு. வேலை, வீடு எல்லாம் இருக்கு"ன்னேன்.

சிரிச்சான். "நான் இப்ப ஆடறதில்லக்கா."

"ஏன், காலுக்கு என்ன?"

"காலுக்கு ஒண்ணும் இல்ல." செல்போனை எடுத்தான். தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு போட்டோவக் காட்டினான். என் நோட்டு. என் கையெழுத்து. "இதை வச்சிருக்கேன்க்கா. சின்ன வயசுல இருந்து எல்லாரும் நீ நல்லா ஆடுற, நீ நல்லா ஆடுறன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நானும் நம்பிட்டேன். எண்ணிப் பாத்து உண்மையச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அஞ்சுதான். நானும் யோசிச்சுப் பாத்தேன், அஞ்சுதான் வந்துச்சு. நீங்க எண்ணினது சரிதான்."

கோவமே இல்லக்கா அவனுக்கு. அதான். கோவமா பேசுவான்னு நான் நாலு பதில் தயார் பண்ணி எடுத்துட்டுப் போயிருந்தேன். ஒண்ணும் வேலைக்கு ஆகல.

"சரிதான்"னேன்.

"சரிதானே?"ன்னான்.

"எண்ணினது சரிதான்"னேன். அப்புறம் அவன் இவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் குடுத்தான், நான் பஸ் ஏறிட்டேன். இதோ, பாதி பாக்கெட் கையில பிடிச்சுக்கிட்டுத் தூங்குறா.

பொய்யாக்கா நான் சொன்னது? பதினாலு பதினாலுதான், அஞ்சு அஞ்சுதான். ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல. கிரவுண்டு சாஞ்சு இருக்கறதுக்கு நானா பொறுப்பு? வெட்டிப் போட்டவன் வெள்ளைக்காரன். கமலக்கண்ணனுக்கு ரெண்டு பக்கமும் நின்னு ஆடிப் பாக்க முடியலைன்னா, பக்கம் மாத்தாதது கேப்டன் தப்பு. போட்டோ போட்டது ஸ்டீபன் தப்பு. எடுக்காதது அஞ்சு கேப்டன் தப்பு. நான் ஒரு ஓரமா பிள்ளைய வச்சுக்கிட்டு எண்ணினவ. வெயில் கண்ணுல அடிக்குமேன்னு ஒரு பையனை இந்தப் பக்கம் நிக்கச் சொன்னேன், அவ்வளவுதானே.

என்னக்கா?

காலையில எத்தனை மணின்னா... எட்டு மணி. எட்டு, எட்டே கால்.

ஆமா. மார்கழி மாசம்தான்.

இல்ல... எட்டு மணிக்கு வால்பாறையில எங்க வெயில்? நீங்க டவுன்காரங்களா இருந்தாலும் மலைக்காரங்கதானே, நீங்க கேக்கறது சரிதான். மூடுபனி. எதிர் கோல் போஸ்ட் கூடத் தெரியல. பிள்ளைக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அவங்க ஆடுறது சில நேரம் சத்தமா மட்டும்தான் கேட்டுச்சு.

நான் வெயில்னு சொன்னப்ப அங்க யாரும் சிரிக்கல. யாரும் கவனிக்கவும் இல்ல. இவரு கவனிச்சிருப்பாரு. இவரு கவனிச்சிருப்பாருக்கா. அன்னைக்கே.

அந்த ஓடைப் பக்கம் போற பந்தை எட்டு வருஷமா எடுத்துப் போடுறது யாரு? நாங்கதான், பொம்பளைங்க. ஓடைப் பக்கம்தான் நாங்க துணி துவைப்போம். ஞாயித்துக்கிழமை துவைக்கப் போனா அரை மணி நேரத்துக்குப் பத்துப் பந்தாவது தண்ணியில வந்து விழும், திட்டிக்கிட்டே தூக்கிப் போடுவோம். மேட்டுப் பக்கம் ஒரு பந்து போய் நான் பாத்ததில்ல. ஆம்பளைங்களுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியாதுன்னு நான் யாருகிட்ட சொல்றது? மஞ்சள் சேலையில அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வந்தேன்னு சொன்னேன்ல, வர்ற வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் நினைச்சுட்டு வந்தேன், இவனை ஒரு நாள் இதே கிரவுண்டுல நிக்க வச்சு எல்லாரும் பாக்கணும்னு. அப்புறம் அதை மறந்துட்டேன். மறந்துட்டேன்னுதான் நினைச்சேன்.

மணி என்னக்கா? ஒண்ணு அஞ்சா.

அண்ணே, கண்டக்டர் அண்ணே. வண்டி எடுத்துட்டீங்களா? ஒரு நிமிஷம், நான் இறங்கிக்கறேன். டிக்கெட் போட்டாச்சுன்னா போகட்டும்ணே, திருப்பித் தர வேண்டாம். அடுத்த வண்டி எப்ப? ரெண்டே முக்காலா. எஸ்டேட் பஸ் போயிடும். போகட்டும். இவருக்குப் போன் போட்டு வால்பாறை டவுனுக்கு வரச் சொல்றேன். எதுக்குன்னு கேப்பாரு. கேக்கட்டும், நாலு மாசத்துல அந்த ஒரு கேள்வியாவது கேக்கட்டும்.

அக்கா, அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. பிள்ளை முழிக்கல, தோள்ல போட்டுக்கறேன்.

ரெண்டு மணிக்கு ஷிப்டு ஏறிட்டான்னா ராத்திரி பத்து வரைக்கும் வெளிய விட மாட்டாங்க. அதுக்குள்ள கேட்டுக்குப் போயிடணும். அந்த போட்டோவை அழிடா தம்பின்னு முதல்ல சொல்லணும். அப்புறம் மீதி.